குழி தோண்டும் முன் ஒரு கயிறு போட்டு எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் வட்டத்தில் ஒகேனக்கல் சாலையை ஒட்டி நாற்றங்கால் நடத்தி வருகிறேன். புங்கன், வேங்கை, நாவல், நீர்மருது, புளி, இலுப்பை என்று நம் மண்ணின் மரங்கள்தான் எங்கள் தொழில். பருவமழை நெருங்கும்போது தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் மரக்கன்று நடும் படங்கள் அடிக்கடி வருகின்றன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவதற்கு முன்னால் அந்த நிலத்தில் என்ன இருந்தது, நட்ட பிறகு மூன்றாவது கோடையைத் தாண்டி எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது என்ற இரண்டு விவரங்கள் மட்டும் அந்தச் செய்திகளில் வருவதே இல்லை. காட்டை மீட்க ஆகும் செலவு இந்த இரண்டைப் பொறுத்தே கூடுகிறது, குறைகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு, அதாவது சிறு கல் குன்று, இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டை. ஏறிப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு உசிலையும் வெக்காலியும் புதர் புதராக நிற்கும். உசிலை என்றால் அரப்புக்குத் தழை பறிப்போமே, அதே மரம். அந்தப் புதரின் அடியில் மண்ணைச் சற்று விலக்கினால் தொடை கனத்தில் ஒரு கட்டை தெரியும். எப்போதோ விறகுக்கு வெட்டிய மரத்தின் அடி அது. வேர் சாகவில்லை. ஒவ்வொரு மழைக்கும் பத்துப் பதினைந்து துளிர் விடும், வெயில் காலத்தில் ஆடு கடித்துவிடும், மறுபடி துளிர்க்கும். இப்படியே பல வருடமாக அது மரமாகாமல் நிற்கிறது. போன வருடம் அங்கே நடவு வேலை வந்தது. குழி எடுக்க இடம் வேண்டும் என்று அந்தத் துளிர்களை எல்லாம் வெட்டி ஒதுக்கிவிட்டு, நடுவில் கடப்பாரை போட்டுக் குழி தோண்டிப் பாக்கெட் கன்று வைத்தார்கள். பாறையை எட்டி வேர் பிடித்த மரத்தைக் கழித்துவிட்டு, ஒரு சாண் வேர் உள்ள கன்றை அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். கோடையில் போய்ப் பார்த்தேன். கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்து குச்சியாகிவிட்டன. பக்கத்தில் வெட்டுப்பட்ட கட்டை திரும்பத் துளிர்த்திருந்தது.

வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை குழி, இத்தனை கன்று என்றுதான் அவர்களிடம் கணக்குக் கேட்கிறார்கள். கட்டைத் துளிரைக் காப்பாற்றியதற்கு எந்தப் பில்லிலும் இடம் கிடையாது.

செலவைப் பார்ப்போம். எங்கள் பக்கத்துக் கூலி, விலை நிலவரப்படி நான் போடும் தோராயக் கணக்கு இது, ஊருக்கு ஊர் மாறும். ஐந்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 160 கன்று. சரளை மண்ணில் குழி எடுக்க 40 ரூபாய், கன்று 15, நடவுக் கூலி 10. ஆக ஏக்கருக்கு 10,400 ரூபாய். செய்தியில் வரும் செலவு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. கன்றுக்கு அதன் பிறகுதான் உண்மையான செலவே ஆரம்பம். மாசி முதல் வைகாசி வரை தண்ணீர் ஊற்றாமல் எங்கள் கரட்டில் எதுவும் பிழைக்காது. 5,000 லிட்டர் டேங்கர் 1,200 ரூபாய் என்று வைத்தால், கன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் மூன்று ஏக்கருக்கு வரும். ஏக்கருக்கு 400. ஊற்ற ஒரு ஆள் கூலி 500. ஒரு தடவைக்கு 900 ரூபாய், ஒரு கோடைக்குப் பத்துத் தடவை, இரண்டு கோடை என்றால் 18,000. களை, பாத்தி, செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று என்று இன்னொரு 6,000. மொத்தம் 35,000 ரூபாயைத் தொட்டுவிடும். இவ்வளவு செய்தும் பாதி பிழைத்தால் ஒரு மரத்தின் விலை 430 ரூபாய்க்கு மேல். தண்ணீருக்குக் காசு ஒதுக்காமல் விட்டால் செலவு 10,400தான், ஆனால் மரம் இருக்காது.

கட்டைத் துளிர் உள்ள நிலத்தில் கணக்கே வேறு. ஐம்பது ஏக்கருக்கு ஒரு காவலாளை மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் வைத்தால் ஏக்கருக்கு வருடம் 2,880 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 14,400. ஒரு கட்டைக்கு நேரான துளிர் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழிக்க, லாண்டானா என்கிற அந்நியக் களையான உண்ணிச்செடியை எடுக்க, தை மாதத்தில் தீத்தடுப்புக் கோடு போட 5,000 சேர்த்துக்கொள்ளுங்கள். 20,000க்குள் முடியும். ஏக்கருக்கு நூறு கட்டை இருந்தாலே ஒரு மரத்துக்கு 200 ரூபாய்க்குள் அடங்கிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நட்ட கன்றுக்கும் காவல் தேவை என்பதால் அங்கே அந்தச் செலவையும் மேலே ஏற்ற வேண்டும். நான் அதை ஏற்றாமலேயே கணக்குப் போட்டிருக்கிறேன்.

கன்று விற்றுப் பிழைப்பவள் இப்படிச் சொல்கிறாளே என்று கேட்பவர்கள் உண்டு. நான் வளர்த்த கன்று காய்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அது தேவைப்படும் இடத்துக்குப் போகட்டும்.

தேவைப்படும் இடம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்த என் மகள் ஒரு முறையைச் சொன்னாள். தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் காடு மீட்பு ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. அவர்கள் நடவுக்கு முன்னால் நிலத்தில் குறைந்தது பத்து இடங்களில் ஐந்து மீட்டர் கயிற்றை வைத்து வட்டம் போடுகிறார்கள். வட்டத்துக்குள் அரை மீட்டருக்கு மேல் வளர்ந்த நாற்று, இளமரம், உயிருள்ள கட்டை எத்தனை என்று எண்ணுகிறார்கள். சராசரி 25க்கு மேல் வந்தால் நடவே வேண்டாம், பாதுகாத்தால் போதும் என்பது அவர்கள் முடிவு. ஹெக்டேருக்கு 3,100 என்ற கணக்கு அது. குறைந்தால் எத்தனை குறைகிறதோ அத்தனை மட்டும் நடுகிறார்கள். அங்கே மழை அதிகம், அதனால் அந்த 25 நமக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. அஞ்செட்டிக்கு ஒரு எண், சித்தேரிக்கு ஒரு எண் என்று நம் வனத்துறையும் வனக்கல்லூரியும் சேர்ந்து முடிவு செய்யலாம். கயிறு மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஒரு கரட்டை எண்ண நாலு பேருக்கு ஒரு நாள் போதும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் சரி.

நடவு தேவைப்பட்ட இடத்தில் அவர்கள் செய்வதும் கவனிக்க வேண்டியது. சீக்கிரம் நிழல் கட்டுகிற, பறவைக்குப் பழம் தருகிற உள்ளூர் மரங்களில் இருபது முப்பது வகையைத் தேர்ந்தெடுத்து நெருக்கமாக வைத்து, இரண்டு மழைக்காலம் களையெடுக்கிறார்கள். பான் மே சா மாய் என்ற மலைக்கிராமத்தில், அங்குள்ள மோங் இன மக்களோடு சேர்ந்து நட்ட நிலத்தில், எட்டு ஒன்பது வருடத்துக்குள் யாரும் நடாத எழுபதுக்கும் மேற்பட்ட மர வகைகள் தானாக வந்து சேர்ந்தன. பறவையும் வௌவாலும் கொண்டுவந்த விதைகள்தான் பெரும்பாலும்.

பிலிப்பைன்ஸில் போஹோல் தீவில் ஆளுயரப் புல் மண்டிய நிலத்தில் உலக உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு வேறு விதமாகச் செய்தார்கள். புல்லுக்கு நடுவே ஒளிந்திருந்த நாற்றுகளைத் தேடிக் கம்பு நட்டு அடையாளம் வைத்து, சுற்றியுள்ள புல்லைப் பலகையால் மிதித்துப் படுக்க வைத்தார்கள். வெட்டினால் புல் வேகமாக வளரும், மடக்கிப் படுக்க வைத்தால் அது மெல்ல மக்கும். தீத்தடுப்புக் கோடு போட்டுக் காவல் இருந்தார்கள். ஹெக்டேருக்கு 579 டாலர் ஆயிற்று, வழக்கமான நடவுக்கு 1,048 டாலர். ஏறக்குறையப் பாதி.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கும் நடவே வேண்டாம், விட்டால் போதும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வெப்பமண்டலக் காடுகளில் நட்டு வளர்ப்பதைவிடத் தானாக வளர விடுவதே நல்ல பலன் தருகிறது என்று 2017இல் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு வெளியானது. தானாக வளர்ந்த காடு என்று அதில் சேர்த்த இடங்கள் ஏற்கெனவே காடு வர வாய்ப்பான இடங்கள், நட்ட இடங்களோ பெரும்பாலும் கெட்டுப்போன நிலங்கள், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். எனக்கு அந்த மறுப்பு நியாயமாகப் படுகிறது. நம் மாநிலத்திலேயே வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இருபது வருடத்துக்கு மேலாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்த மழைக்காட்டை மீட்டு வருகிறது. உண்ணிச்செடியை எடுத்துவிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் மர வகைகளை வளர்த்து நடுகிறார்கள். அங்கே சும்மா விட்ட இடத்தைவிட நட்டு வளர்த்த இடத்தில் மர வகையும் பறவையும் கூடுதலாகத் திரும்பியிருக்கின்றன. காரணம், உண்ணி மூடிய நிலத்தில் மழைக்காட்டு மரத்தின் நாற்று மேலே வர வழியில்லை.

நம் மாவட்டங்களிலும் அப்படிப்பட்ட நிலம் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் எடுத்துவிட்டுக் கொட்டிய கல் மேடுகள், ஏரி முழுக்க வேலிக்காத்தான் மண்டிய இடங்கள், பல தலைமுறை தைலமரம் நின்ற நிலம். இங்கெல்லாம் கயிறு போட்டால் வட்டத்துக்குள் ஒன்றும் இருக்காது. இங்கேதான் கன்று வேண்டும், நல்ல மண் வேண்டும், தண்ணீர் வேண்டும். அங்கேயும் முழு நிலத்தையும் நட வேண்டுமா என்றால் வேண்டாம். கோஸ்டாரிகாவில் பழைய மேய்ச்சல் நிலங்களில் மரங்களைத் திட்டுத் திட்டாக மட்டும் நட்டுப் பார்த்தார்கள். முழு நடவுக்கு ஆகும் கன்றில் கால் பங்கை ஒட்டித்தான் செலவானது. பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது பல விதத்தில் முழு நடவுக்கு ஈடாகக் காடு வந்திருந்தது. நாலு மீட்டர் அகலத் திட்டு போதவில்லை, எட்டும் பன்னிரண்டும் நன்றாக வந்தன. பறவை வந்து உட்கார ஓரளவாவது தோப்பு வேண்டும். நம் பக்கத்தில் ஆல், அத்தி, இச்சி, நாவல் கொண்டு திட்டு போட்டால் மைனாவும் சின்னானும் வராமல் போகாது. டேங்கர் ஊற்றுகிற தண்ணீரையும் நாலு இடத்தில் குவித்து ஊற்றலாம், மலை முழுக்க அலைய வேண்டியதில்லை.

உண்ணி பற்றி ஒன்று. ஜே.சி.பி. விட்டுச் சுரண்டினால் செலவும் அதிகம், மண்ணும் புரண்டு அதிலிருந்த விதை எல்லாம் முளைத்து முன்னைவிட அடர்த்தியாக வரும். டில்லிப் பேராசிரியர் சி.ஆர். பாபு சொல்லிக்கொடுத்த முறையில், செடியின் ஆணிவேரை மண்ணுக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அது திரும்பத் துளிர்ப்பதில்லை. கையால் செய்யும் வேலை, உள்ளூர் ஆட்களுக்குக் கூலி. எல்லைக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலையில் சோளிகர் பழங்குடியினர் உண்ணிக் குச்சியில் நாற்காலி, சோபா முடைந்து விற்கிறார்கள். பென்னாகரம், அஞ்செட்டி இருளர் குடும்பங்களுக்கும் அந்தப் பயிற்சி கிடைத்தால் எடுக்கும் செலவில் கொஞ்சம் திரும்ப வரும். தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைச்செடிகளை ஒழித்துக் காட்டை மீட்பதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதே வருடம் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கியது. காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதமாக்குவது அதன் இலக்கு. இரண்டையும் ஒரே கரட்டில் சேர்த்துச் செய்தால் நல்லது.

அடுத்து மியாவாக்கி. ஊராட்சிகளும் கம்பெனிகளும் இதைத்தான் அதிகம் கேட்கின்றன. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறைப்படி சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்றால் ஏக்கருக்கு 12,000 கன்று. 15 ரூபாய் வீதம் கன்றுக்கு மட்டும் 1,80,000 ரூபாய். மண்ணைத் தோண்டி எரு, தேங்காய் நார்க்கழிவு சேர்த்து நிரப்புவது, சொட்டுநீர் எல்லாம் தனி. பள்ளிக்கூட மூலையிலும், ஓசூரில் தொழிற்சாலை மதில் ஓரத்திலும் பத்து சென்டில் செய்ய அருமையான முறை. தர்மபுரி நகராட்சியில் ஒரு தெருவுக்கு நிழல் வேண்டுமானால் நானே கன்று தருகிறேன். வருடம் சராசரி 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் மலைச்சரிவில் அதைச் செய்வதற்குப் பணமும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

நமக்கு நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரிந்து கோஸ்டாரிகாவின் வடமேற்கில் உள்ள குவானகாஸ்தேதான். எங்களைப் போலவே வருடத்தில் பாதி காய்ந்து கிடக்கும் இலையுதிர் காடு. மேய்ச்சலுக்கு எரித்து எரித்துப் புல்வெளியாகிவிட்டிருந்தது. 1980களில் டேனியல் ஜான்சென் என்ற விஞ்ஞானியும் ஊர்க்காரர்களும் அங்கே முதலில் நெருப்பை நிறுத்தினார்கள். உள்ளூர் ஆட்களையே தீக்காவலுக்குச் சம்பளம் கொடுத்து வைத்தார்கள். ஆரம்பத்தில் மாடுகளை மேயவும் விட்டார்கள், புல் குறைந்தால் தீயின் வேகம் குறையும் என்பதற்காக. பெரும்பகுதி காடு தானாகவே திரும்பியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருப்பதாக நினைக்கிறேன். மாடும் ஆடும் ஒன்றல்ல. மாடு புல்லை மேயும், ஆடு துளிரைக் கடிக்கும். ஆலம்பாடி மாடு பிறந்த மண் இது. சரணாலயத்துக்கு வெளியே, மீட்கிற கரட்டில் ஆட்டை ஐந்து வருடத்துக்கு நிறுத்தி, மாட்டைக் கார்த்திகைக்குப் பிறகு கட்டுப்பாட்டோடு விட்டால் பங்குனித் தீக்கு இரை குறையும். ஆடு வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் குடும்பங்களிலிருந்தே காவலாளை எடுக்க வேண்டும். பட்டியில் கட்டித் தீவனம் போட அகத்தி, சூபாபுல் கன்றும் முதல் வருடச் செலவும் கொடுக்க வேண்டும். இதையும் மீட்புச் செலவில் எழுதினால்தான் கணக்கு நேர்மையாகும். ஊரைக் கேட்காமல் கம்பி வேலி போட்டால், இரண்டாம் வருடம் வேலிக் கல்தான் மிச்சம் இருக்கும்.

குவானகாஸ்தேயில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. 1990களின் பிற்பகுதியில் ஒரு ஆரஞ்சுச் சாறு ஆலையின் தோல், சக்கைக் கழிவு 12,000 டன்னைக் கொண்டுபோய், புல்லும் முளைக்கத் திணறிய மூன்று ஹெக்டேர் நிலத்தில் கொட்டினார்கள். ஆயிரம் லாரி. போட்டிக் கம்பெனி வழக்குப் போட்டு அதை நிறுத்தியது. பதினாறு வருடம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் போனபோது அந்த நிலம் அடர்ந்த காடாகியிருந்தது, பக்கத்தில் கழிவு போடாத நிலத்தைவிட மண்ணுக்கு மேலே உள்ள மரப்பொருள் 176 சதவீதம் கூடுதல். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசனில் வரும் தோலும் கொட்டையும் எங்கே போவது என்று தெரியாமல் சாலை ஓரத்திலும் ஓடைப் பக்கத்திலும் கிடந்து நாறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கிணறும் ஓடையும் இல்லாத, கயிற்று வட்டம் காலியாக வந்த ஒரு கல் மேட்டில் அரை ஏக்கரில் சோதனை செய்து பார்க்கலாம். ஈ, நாற்றம், நிலத்தடி நீர் மூன்றையும் கவனிக்க ஆள் போட்டுத்தான் செய்ய வேண்டும். யானை வரும் பாதையாகவும் இருக்கக் கூடாது. தளி, ஜவளகிரி பக்கம் மாம்பழ வாசனையைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று அங்கே ராகி விதைப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எத்தனை காலம் ஆகும் என்பதிலும் பேராசை வேண்டாம். அமெரிக்க, மேற்கு ஆப்பிரிக்க வெப்பமண்டலங்களில் விட்டுவைத்த நிலங்களை ஆராய்ந்து 2021இல் வந்த முடிவுப்படி மண் பத்து வருடத்துக்குள் தேறிவிடுகிறது, பழைய காட்டின் மர வகைகளும் மொத்த எடையும் முழுதாகத் திரும்ப 120 வருடத்துக்கு மேல் ஆகும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய வேலையாக டெண்டர் விடும்போது இது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

வனத்துறைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் தங்கள் வழியாக நான் கேட்பது இதுதான். குழிக்குப் பணம் ஒதுக்கும் முன், கிராம வனக் குழுவை வைத்துக் கயிறு போட்டு எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கிராம சபையில் படியுங்கள். வேர் உள்ள கரட்டுக்குக் காவலும் தீத்தடுப்பும் ஐந்து வருடத்துக்கு. வேர் இல்லாத நிலத்துக்குத் திட்டு நடவும் இரண்டு கோடைத் தண்ணீரும். நட்ட இடத்தில் மூன்றாம் வருடம் வைகாசியில் மறுபடி எண்ணி, பிழைத்த மரத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்று பலகை எழுதி வையுங்கள். கன்று வாங்குவதை ஒரு வருடத்துக்கு முன்பே சொன்னால், எங்களைப் போன்ற நாற்றங்கால்காரர்கள் வேங்கை, தணக்கு, கடுக்காய், நீர்மருது போன்றவற்றைப் பெரிய பையில் வேர் சுருளாமல் வளர்த்துத் தர முடியும். நடவுக்குப் பத்து நாள் முன்னால் கேட்டால் கையில் இருப்பதைத்தான் கொடுக்க முடிகிறது, அது பெரும்பாலும் புங்கன்தான்.

தங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் நடவுப் படம் எடுக்கப் போகும்போது, மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கள் இதழில் படம் வந்த இடம் ஒன்றுக்கும் போய், அங்கே எத்தனை மரம் நிற்கிறது என்று எண்ணிப் போடுங்கள். பென்னாகரம் வட்டத்துக்கு வந்தால் வழி காட்ட நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
நாற்றங்கால் நடத்தும் வாசகி,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.